"ஒருமனதாக" என்று எழுதுவதற்கு முன்

கேள்வி இதுதான்: "எங்கள் குழுவில் ஏழு பேர். தனியாகப் பேசினால் ஒவ்வொருவரும் விவரமானவர்கள். ஒரே மேசையில் உட்கார்ந்ததும், பிறகு யோசித்தால் எங்களுக்கே சிரிப்பு வருகிற முடிவை எடுத்துவிட்டு எழுந்து போகிறோம். இது ஏன் நடக்கிறது? குழுவிலேயே இளையவனான நான் என்ன செய்ய முடியும்?"

படித்ததைச் சொல்வதற்கு முன்னால், பார்த்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு நிறுவனத்தில் கூட்டக் குறிப்பு எழுதும் பொறுப்பு என்னிடம் இருந்தது. பழைய கணக்கு மென்பொருளை விட்டுவிட்டுப் புதியதற்கு மாற வேண்டும். எந்த நாளில் மாறுவது என்பதுதான் அன்றைய பேச்சு. எட்டுப் பேர். தலைமை வகித்தவர் உட்கார்ந்த உடனேயே, "ஒன்றாம் தேதி மாறிவிடலாம் என்று நினைக்கிறேன், நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்றார். அப்புறம் நாற்பது நிமிஷம் பேசினார்கள். பேச்சு முழுக்க ஒன்றாம் தேதிக்குள் எப்படி முடிப்பது என்பதைப் பற்றித்தான். ஒன்றாம் தேதி சரிதானா என்று ஒரு வார்த்தை வரவில்லை. கடைசியில் அவர் பேனாவுக்கு மூடி போட்டுக்கொண்டே, "யாருக்கும் ஆட்சேபம் இல்லையே?" என்று கேட்டார். மூடி 'டக்' என்று மாட்டிக்கொண்ட சத்தம்தான் பதில். "ஒருமனதாக முடிவு செய்யப்பட்டது" என்று எழுதிக்கொண்டேன்.

ஐந்து நிமிஷம் கழித்து லிஃப்ட்டுக்குக் காத்திருந்தோம். எட்டுப் பேரில் மூன்று பேர் அங்கே இருந்தார்கள். "பழைய பதிவுகளில் பாதியை இன்னும் சரிபார்க்கவே இல்லையே" என்றார் ஒருவர். "எனக்கும் அதே கவலைதான். நீங்கள் சொல்வீர்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றார் அடுத்தவர். மூன்றாமவர் சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது: "நீங்கள் ரெண்டு பேரும் சும்மா இருந்தீங்க. சரி, சரிபார்த்து முடிச்சிட்டீங்க போல என்று நானும் விட்டுட்டேன்."

ஒன்றாம் தேதி மாறினோம். அடுத்த மூன்று வாரம் ஒவ்வொரு பதிவையும் இரண்டு மென்பொருளிலும் கையால் ஏற்றிக்கொண்டிருந்தோம்.

குழு முடிவுகள் கெட்டுப்போவதைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். அந்த மூன்றாமவரைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் பயந்து வாயை மூடிக்கொள்ளவில்லை. மற்ற இருவரின் மௌனத்தை ஒரு தகவலாக எடுத்துக்கொண்டார். அவர்களும் அவருடைய மௌனத்தை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். மௌனம் சம்மதம் என்பார்கள் இல்லையா? எட்டுப் பேர் பேசாமல் இருந்தால் எட்டுச் சம்மதம் என்று கணக்காகிவிடுகிறது. அந்த அறையில் முழுச் சம்மதம் ஒன்றாவது இருந்ததா என்பது எனக்கு இன்றும் சந்தேகம்தான்.

இதை ஆங்கிலத்தில் 'குரூப்திங்க்' என்பார்கள். தமிழில் குழுச் சிந்தனை என்று எழுதுகிறார்கள். அந்தப் பெயர் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. குழுவாகச் சேர்ந்து சிந்திப்பது நல்லதுதானே என்று தோன்றிவிடும். இங்கே நடப்பது, சிந்திப்பதை நிறுத்திவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் படிப்பது. 1952-இல் வில்லியம் ஒயிட் என்பவர் ஃபார்ச்சூன் இதழில் இந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அதைக் கோட்பாடாக வளர்த்தவர் யேல் பல்கலைக்கழக உளவியலாளர் இர்விங் ஜேனிஸ். பள்ளியில் படித்துக்கொண்டிருந்த அவருடைய மகள் பன்றிகள் விரிகுடாப் படையெடுப்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. அதற்கு உதவப்போன இடத்தில், அமெரிக்க அதிபர் கென்னடியைச் சுற்றியிருந்த அத்தனை கெட்டிக்காரர்களுக்கும் அந்தத் திட்டம் தேறாது என்பது எப்படிப் புலப்படாமல் போனது என்ற கேள்வி அவரை விடாமல் பிடித்துக்கொண்டது. 1972-இல் அவருடைய ஆய்வு வெளியானது.

அந்தப் படையெடுப்பைப் பார்ப்போம். 1961 ஏப்ரல் 17. கியூபாவை விட்டு வெளியேறியிருந்த சுமார் 1,400 பேருக்கு அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ பயிற்சி கொடுத்து, காஸ்ட்ரோவின் ஆட்சியைக் கவிழ்க்க அந்த விரிகுடாவில் இறக்கியது. மூன்று நாளில் கதை முடிந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். 1,100-க்கும் மேற்பட்டோர் பிடிபட்டார்கள். தோற்றாலும் பரவாயில்லை, எஸ்காம்பிராய் மலைக்குள் புகுந்து கொரில்லாப் போராகத் தொடரலாம் என்று கூட்டங்களில் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். முதலில் போட்ட திட்டத்தில் இறங்க வேண்டிய இடம் அந்த மலையை ஒட்டிய டிரினிடாட் நகரம். அப்போது அந்தப் பேச்சில் அர்த்தம் இருந்தது. பிறகு இறங்கும் இடத்தை மாற்றினார்கள். புதிய இடத்துக்கும் மலைக்கும் நடுவே ஏறத்தாழ 130 கிலோமீட்டர், அதுவும் சதுப்பு நிலம். இடம் மாறியது, ஆறுதல் மட்டும் மாறாமல் கூட்டத்துக்குக் கூட்டம் வந்துகொண்டிருந்தது. வரைபடத்தை விரித்து விரலை வைத்துப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். அந்த மேசையில் உட்கார்ந்திருந்தவர்களோ வெளியுறவுச் செயலர், பாதுகாப்புச் செயலர், முப்படைத் தலைமை, ஹார்வர்டிலிருந்து வந்தவர்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் வரலாற்றாசிரியர் ஆர்தர் ஷ்லெசிங்கர். திட்டம் தவறு என்று கென்னடிக்குத் தனியாகக் குறிப்பு எழுதிக் கொடுத்தவர். கூட்டத்தில் மட்டும் ஒன்றிரண்டு தயக்கமான கேள்விகளோடு நின்றுவிட்டார். அதை நினைத்துப் பிற்பாடு தன்னையே நொந்துகொண்டு எழுதினார். நடுவில் ஒரு விருந்தில் அதிபரின் தம்பி ராபர்ட் கென்னடி அவரைத் தனியாக அழைத்து, நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம், தப்பாகவும் இருக்கலாம், அதிபர் முடிவெடுத்துவிட்டார், இனி வற்புறுத்தாதீர்கள், எல்லாரும் அவருக்குக் கைகொடுக்க வேண்டிய நேரம் இது என்கிற மாதிரி சொன்னார். மிரட்டல் என்று இதைச் சொல்ல முடியாது. விசுவாசத்தின் பேரில் வைத்த வேண்டுகோள்; அதனால்தான் அதை மீறுவது அவ்வளவு கடினம். தலைவரின் காதுக்கு உறுத்தலான சேதி போகாமல் வாசலில் நின்று பார்த்துக்கொள்கிற இந்த ஆளுக்கு 'மனக் காவலர்' என்று ஜேனிஸ் பெயர் வைத்தார். நான் பார்த்த எல்லா அலுவலகத்திலும் இப்படி ஒருவர் இருந்தார். "இன்னிக்கு அவர் மூடு சரியில்லை, அடுத்த கூட்டத்தில் பார்த்துக்கலாம்" என்பார். ஆளும் நல்லவராகத்தான் இருப்பார்.

ஜேனிஸ் மொத்தம் எட்டு அறிகுறிகளைச் சொன்னார். நமக்கு ஒன்றும் ஆகாது என்ற தெம்பு, எதிராளியைப் பற்றிய மட்டமான கணிப்பு, மறுத்துப் பேசுபவர் மீது நெருக்கடி, இப்படிப் போகும் அந்தப் பட்டியல். இணையத்தில் எங்கே தேடினாலும் கிடைக்கும், நான் ஒப்பிக்கவில்லை. எட்டில் முக்கியமானவை இரண்டு என்பது என் எண்ணம்: தன் வாய்க்குத் தானே பூட்டுப் போட்டுக்கொள்வது, எல்லாரும் அப்படிப் போட்டுக்கொண்ட பிறகு உண்டாகும் 'எல்லாருக்கும் சம்மதம்' என்கிற தோற்றம். மற்ற ஆறும் இந்த இரண்டுக்கும் உரம் போடுகிறவை.

இந்தப் பூட்டு எவ்வளவு சுலபமாக விழுகிறது என்பதை 1950-களில் சாலமன் ஆஷ் சோதித்துக் காட்டினார். அட்டையில் ஒரு கோடு. பக்கத்தில் மூன்று கோடுகள். எது முதல் கோட்டின் நீளம்? குழந்தையும் சொல்லிவிடும். ஆனால் அறையில் இருப்பவர்களில் ஒருவரைத் தவிர மற்ற எல்லாரும் ஆஷ் ஏற்பாடு செய்த ஆட்கள். 18 சுற்றில் 12 சுற்றுக்கு அவர்கள் ஒரே குரலில் தப்பான கோட்டைச் சொல்வார்கள். உண்மையாகச் சோதிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் ஒரு தடவையாவது கூட்டத்தோடு சேர்ந்து தப்பாகச் சொன்னார்கள். ஊரோடு ஒத்து ஓடு என்று நமக்குப் பழமொழியே இருக்கிறதே என்று இதைக் கேட்டதும் சிலர் சிரிப்பார்கள்.

எனக்கு அதைவிட முக்கியம் அந்தச் சோதனையில் அவர் செய்துபார்த்த இரண்டு சின்ன மாற்றங்கள். கூட்டத்தில் ஒரே ஒரு ஆள் சரியான விடையைச் சொல்லும்படி வைத்தார். தப்பாகச் சொல்வது முன்பிருந்ததில் கால்வாசியாகச் சரிந்துவிட்டது. வாயால் சொல்லாமல் தாளில் எழுதிக் கொடுக்கச் சொன்னபோதும் கூட்டத்தோடு போவது வெகுவாகக் குறைந்தது. துணைக்கு ஒருவர், எழுத ஒரு தாள். இந்த இரண்டையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் உங்களுக்குத் தேவைப்படும்.

இதுவரை சொன்னது, மனசில் சந்தேகம் இருந்தும் பேசாதவர்களைப் பற்றி. இன்னொரு வகையும் உண்டு. அது சத்தமே இல்லாமல் நடக்கும். யாரும் எதையும் மறைக்க மாட்டார்கள், எல்லாரும் தாராளமாகப் பேசுவார்கள், அப்படியும் முடிவு தப்பும். 1985-இல் ஸ்டாஸர், டைட்டஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மாணவர் தலைவர் பதவிக்கு மூன்று கற்பனை வேட்பாளர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். எல்லாத் தகவலையும் எல்லாருக்கும் கொடுத்தால் நல்ல வேட்பாளர் யார் என்று குழு சரியாகக் கண்டுபிடித்துவிடுகிறது. அதே தகவலைப் பிரித்து, அந்த நல்ல வேட்பாளரின் சிறப்புகளில் ஒரு பகுதி இவரிடம், ஒரு பகுதி அவரிடம் என்று கொடுத்தால், பெரும்பாலான குழுக்கள் கோட்டைவிட்டன. நாலு பேரும் பேசினால் சிதறிக் கிடப்பது ஒன்றுசேர்ந்துவிடும் என்று நாம் நினைப்போம். அவர்கள் பேசியதோ எல்லாருக்கும் முன்பே தெரிந்ததைத்தான். நமக்குத் தெரிந்ததை இன்னொருவர் சொன்னால் தலையாட்டுகிறோம். தலையாட்டல் கிடைத்தவர் அதையே மறுபடியும் சொல்கிறார். தனக்கு மட்டும் தெரிந்ததைச் சொல்பவருக்கு ஆமோதிக்க ஆள் இல்லை. ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறார். எந்தக் கூட்டத்திலும் அதிக நேரம் பேசப்படுவது, பேச வேண்டிய அவசியமே இல்லாத விஷயம் என்று நான் கிண்டலாகச் சொல்வது உண்டு. அதற்கு ஆய்வு ஆதாரம் இருக்கிறது என்று தெரிந்தபோது கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

இப்போது நான் அடிக்கடி திரும்பிப் போகும் ஒரு கூட்டம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

1986 ஜனவரி 27 இரவு. மறுநாள் காலை சேலஞ்சர் விண்ணோடம் கிளம்ப வேண்டும். ஃபுளோரிடாவில் உறைபனி வரும் என்று வானிலை அறிவிப்பு. விண்ணோடத்தின் பக்கவாட்டு ராக்கெட்டுகளைச் செய்த மார்ட்டன் தயோகால் நிறுவனத்தின் ஆட்கள் யூட்டாவில், நாசாவின் ராக்கெட் பிரிவு அலபாமாவில், ஏவுதளம் ஃபுளோரிடாவில்; மூன்றையும் தொலைபேசியில் இணைத்துக் கூட்டம். ராக்கெட்டின் பாகங்கள் சேரும் இடத்தில் சூடான வாயு கசியாமல் அடைப்பது ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம். குளிரில் அது விறைத்துவிடும் என்பது தயோகால் பொறியாளர்களின் கவலை. அவர்களில் ஒருவரான ரோஜர் பாய்ஜோலி, இதைக் கவனிக்காவிட்டால் உயிர்ச்சேதம் ஆகும் என்று 1985 ஜூலையிலேயே மேலிடத்துக்கு எழுதியிருந்தார். அன்றிரவு அவர்கள் வைத்த பரிந்துரை தெளிவானது: 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் ஏவ வேண்டாம்.

நாசா தரப்பில் ஒருவர், இந்தப் பரிந்துரையைக் கேட்டு அதிர்ந்துபோனதாகச் சொன்னார். இன்னொருவர், லாரன்ஸ் மல்லாய், "அட கடவுளே, அப்புறம் எப்போதுதான் ஏவச் சொல்கிறீர்கள், வருகிற ஏப்ரலிலா?" என்று கேட்டார். ஐந்து நிமிஷம் எங்களுக்குள் பேசிக்கொள்கிறோம் என்று தயோகால்காரர்கள் இணைப்பிலிருந்து விலகினார்கள். அது அரை மணி நேரம் ஆயிற்று. பாய்ஜோலியும் ஆர்னி தாம்சனும் எழுந்து மேலாளர்கள் பக்கம் போய், படம் வரைந்தும் புகைப்படங்களைக் காட்டியும் வாதாடினார்கள். கேட்கிற முகமாக ஒன்றும் தெரியவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார்கள். நான்கு மேலாளர்கள் மட்டும் முடிவெடுத்தார்கள். மூன்று பேர் ஏவலாம் என்றார்கள். நான்காமவர், பொறியியல் பிரிவின் தலைவர் பாப் லண்ட், தயங்கினார். "பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேலாளர் தொப்பியைப் போட்டுக்கொள்ளுங்கள்" என்றார் மேலதிகாரி. அவரும் போட்டுக்கொண்டார்.

மறுபடி இணைப்புக்கு வந்து, ஏவலாம் என்று படித்தார்கள். வேறு யாருக்காவது கருத்து வேறுபாடு உண்டா என்று நாசா தரப்பில் கேட்டார்கள். கவனியுங்கள், கேட்டார்கள். மூன்று மாநிலங்களிலும் யாரும் வாயைத் திறக்கவில்லை.

காலையில் ஏவும் நேரத்தில் வெப்பநிலை சுமார் 2 டிகிரி. கிளம்பி 73 வினாடியில் விண்ணோடம் சிதறியது. ஏழு பேர் போனார்கள்.

தொப்பி வசனத்தைத்தான் எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. எந்த நாளும் நாசாவில் ஏவுவது பாதுகாப்பானது என்று நிரூபித்தால்தான் அனுமதி. அன்றிரவு அது தலைகீழாகிவிட்டது: ஆபத்து என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் நீ நிரூபி. பாய்ஜோலியே பிறகு விசாரணையில் இதைச் சொன்னார். யாரும் இப்படி மாற்றுவோம் என்று அறிவிக்கவில்லை. கேள்வியின் முகம் திரும்பியது, அவ்வளவுதான். உங்கள் குழுவிலும் இது நடக்கும். "இதை ஏன் செய்ய வேண்டும்?" என்று தொடங்கிய பேச்சு, எந்த நிமிஷத்தில் என்று தெரியாமலே "இதை ஏன் செய்யக்கூடாது, சொல்லுங்கள் பார்ப்போம்" என்று மாறிவிடும். அதற்குப் பிறகு எதிர்ப்பவர் கையில் முழு ஆதாரம் இருந்தாக வேண்டும். ஆதரிப்பவருக்கு ஒரு தலையாட்டல் போதும்.

அந்த ஆதாரமும் அவர்கள் கையில்தான் இருந்தது என்பது இன்னும் கொடுமை. வளையம் பாதிக்கப்பட்ட பயணங்களை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு பேசினார்கள். அதில் குளிர் நாளும் இருந்தது, 24 டிகிரி இருந்த நாளும் இருந்தது. அப்புறம் குளிர்தான் காரணம் என்று எப்படிச் சொல்வது? பாதிப்பே இல்லாத பயணங்களையும் சேர்த்து அடுக்கியிருந்தால் படம் வேறு. சுமார் 19 டிகிரியும் அதற்கு மேலும் இருந்தபோது கிளம்பிய 20 பயணங்களில் பாதிப்பு மூன்றில் மட்டும். சுமார் 17 டிகிரியும் அதற்குக் கீழும் இருந்தபோது கிளம்பியவை நான்கு, நான்கிலும் பாதிப்பு. விசாரணைக் குழுதான் பிற்பாடு இப்படி அடுக்கிக் காட்டியது. இரவு நெருக்கடியில், அவசரத்தில், யாருக்கும் 'ஒன்றும் ஆகாத பயணங்களின் கணக்கு எங்கே?' என்று கேட்கத் தோன்றவில்லை.

சேலஞ்சரைக் குழுச் சிந்தனை என்ற ஒரே பெட்டிக்குள் அடைப்பதைச் சிலர் ஒத்துக்கொள்வதில்லை. சமூகவியலாளர் டயேன் வான் இதை வேறு மாதிரி பார்த்தார். முதல் தடவை வளையம் கொஞ்சம் அரித்தது, ஒன்றும் ஆகவில்லை. அடுத்த தடவை இன்னும் கொஞ்சம், அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் அரிப்பதே வழக்கம் என்றாகிவிட்டது. பிசகு பழகிப்போய் வழக்கமாகிவிடுவது. அந்த இரவின் கூட்டம் வருஷக்கணக்கில் நடந்துகொண்டிருந்த ஒன்றின் கடைசிப் பக்கம் என்பது அவர் வாதம். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கூட்டத்துக்குள் வரும்போதே நாம் பழகிப்போனவற்றோடுதான் வருகிறோம்.

ஜேனிஸின் கோட்பாட்டுக்கும் ஓட்டைகள் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. தோற்றுப்போன முடிவுகளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு பின்னோக்கிப் பார்த்தால் அறிகுறிகள் தெரியத்தான் செய்யும். ஜெயித்த கூட்டங்களிலும் அதே அறிகுறிகள் இருந்தனவா என்று யார் பார்த்தது? நெருக்கமான குழு என்றாலே ஆபத்து என்று அவர் நினைத்தார். சோதனைகளில் அது உறுதியாக நிற்கவில்லை. நன்றாகப் பழகியவர்கள்தான் சில சமயம் கூச்சமில்லாமல் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். ஓரளவு நிலைத்து நிற்பது, தலைவர் முதலிலேயே தன் விருப்பத்தைச் சொல்லிவிட்டால் குழு அலசும் மாற்று வழிகள் குறைகின்றன என்பது. ஆக, நட்பைக் குறை சொல்ல வேண்டாம். முதலில் வாயைத் திறந்தது யார் என்று பாருங்கள்.

கூடவே இன்னொன்று. பேசப் பேச குழு நடுநிலைக்கு வரும் என்பது பொதுவான நம்பிக்கை. 1969-இல் மோஸ்கோவிசியும் சவலோனியும் பிரெஞ்சு மாணவர்களிடம் அவர்கள் நாட்டு அதிபராக இருந்த டி கோல் பற்றியும் அமெரிக்கர்கள் பற்றியும் பேசச் சொன்னார்கள். டி கோலை ஓரளவு பிடித்திருந்தவர்களுக்குப் பேசிய பிறகு இன்னும் பிடித்துப்போனது. அமெரிக்கர்கள் மீது இருந்த கசப்பும் பேசிய பிறகு கூடியது. முன்பே எந்தப் பக்கம் சாய்ந்திருந்தார்களோ அந்தப் பக்கமே இன்னும் சரிந்தார்கள்.

சரி, மருந்து என்ன?

நல்ல சேதி: ஆட்களை மாற்ற வேண்டியதில்லை. பன்றிகள் விரிகுடாவில் சறுக்கிய அதே கென்னடி, பெரும்பாலும் அதே ஆட்களை வைத்துக்கொண்டுதான் 1962 அக்டோபரில், கியூபாவில் சோவியத் யூனியன் ஏவுகணைகளை வைத்ததால் வந்த நெருக்கடியைக் கையாண்டார். மாறியது கூட்டம் நடத்திய விதம். சில கூட்டங்களுக்குத் தான் வராமலே இருந்தார், அவர் முகம் பார்த்துப் பேச வேண்டாம் என்று. குழுவைப் பிரித்துத் தனித்தனியாக யோசிக்கவைத்தார்கள். ஒரு பிரிவின் திட்டத்தை இன்னொரு பிரிவு கிழித்துப் பார்த்தது. முந்தைய வருஷம் ஷ்லெசிங்கரின் வாயை அடைத்த ராபர்ட் கென்னடிதான் இந்த முறை துருவித் துருவிக் கேட்கும் வேலையைச் செய்தார். ஆரம்பத்தில் எல்லாரும் பேசியது குண்டுவீச்சைப் பற்றி. கடைசியில் வந்து நின்றது கடல்வழியை மறிப்பதில்.

இதைப் படித்துவிட்டு நிறையப் பேர், "அப்போ கூட்டத்துக்கு ஒருத்தரை எதிர்த்துப் பேச நியமிச்சுடலாம்" என்று கிளம்புகிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபையில் 1587-இலிருந்தே அப்படி ஒரு பதவி இருந்தது. புனிதராக அறிவிக்கப்பட வேண்டியவருக்கு எதிராக வாதாடுவது அவர் வேலை. யோசனை கேட்க அழகாக இருக்கிறது. எனக்கு நம்பிக்கை இல்லை. சார்லன் நெமத் என்ற உளவியலாளர் ஒப்பிட்டுப் பார்த்ததில், வேஷத்துக்கு எதிர்ப்பவரைவிட நிஜமாகவே மாறுபட்டு நினைப்பவர்தான் குழுவை யோசிக்கவைக்கிறார் என்று தெரிந்தது. வேஷம் கட்டியவர் பேசி முடித்ததும் எல்லாரும் சிரித்துவிட்டு, எதிர்க்கருத்தையும் கேட்டாயிற்று என்ற திருப்தியோடு பழைய இடத்துக்கே வருவார்கள். வியட்நாம் போர்க்காலத்தில் அதிபர் ஜான்சனின் வெள்ளை மாளிகையில் இதுதான் நடந்தது. போரைப் பற்றிச் சந்தேகம் எழுப்பிய அவருடைய உதவியாளர் பில் மாயர்ஸ் கூட்டத்துக்குள் நுழைந்தால், "இதோ வந்துட்டார் நம்ம குண்டுவீச்சை-நிறுத்து ஐயா" என்று ஜான்சன் வரவேற்பாராம். பெயர் வைத்தாயிற்று, சிரித்தாயிற்று. அவர் என்ன சொல்வார் என்று எல்லாருக்கும் தெரிந்தாயிற்று. அப்புறம் எதற்குக் காது கொடுப்பது? இடித்துச் சொல்ல ஆள் இருந்தும் இல்லாத நிலை அது.

நான் பார்த்தவரை வேலை செய்வது மிகச் சாதாரணமான விஷயங்கள். பேச்சு தொடங்கும் முன் ஒவ்வொருவரும் ஐந்து நிமிஷம் தன் கருத்தைத் தாளில் எழுதிவிட வேண்டும். எழுதியதை அப்படியே படிக்க வேண்டும். எழுதிய பிறகு மாற்றிப் பேசினால் நமக்கே கூச்சமாக இருக்கும். அடுத்தது, பெரியவர் கடைசியில் பேசுவது. பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்ற மரபில் பதவியில் இளையவரின் கருத்தைத்தான் முதலில் கேட்பார்கள். மேலதிகாரி சொன்ன பிறகு சின்னவர் என்ன சொல்லிவிடப்போகிறார் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். மூன்றாவது, கேரி க்ளைன் என்பவர் பரப்பிய ஒரு முறை: முடிவு எடுத்தாகிவிட்டது, ஒரு வருஷம் ஓடிவிட்டது, திட்டம் படுதோல்வி என்று வைத்துக்கொண்டு, ஏன் தோற்றது என்று ஒவ்வொருவரும் எழுதுவது. "இதில் என்ன ஆபத்து?" என்று கேட்டால் குறை சொல்பவர் கெட்டவராகிறார். "ஏன் தோற்றது?" என்று கேட்டால் குறை கண்டுபிடிப்பவர் கெட்டிக்காரராகிறார். ஒரே சேதியைச் சொல்ல வேறு வாசல் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

இவை எல்லாம் கூட்டம் நடத்துபவர் கையில் இருப்பவை. நீங்கள் கேட்டது இளையவன் என்ன செய்யலாம் என்று.

கூட்டத்துக்கு முந்தின நாள் ஒருவரிடமாவது பேசிவிடுங்கள். ஆஷின் சோதனையில் ஒரே ஒரு துணை என்ன செய்தது என்று பார்த்தோம். லிஃப்ட் முன்னால் பேசியதைக் கூட்டத்துக்கு முன்பே பேசியிருந்தால் அந்த மூன்று பேரும் ஒருவருக்கொருவர் துணையாகியிருப்பார்கள். கூட்டத்தில், "எனக்கு இது சரியாகப் படவில்லை" என்று சொல்லாதீர்கள். உடனே அது உங்களுக்கும் மூத்தவருக்கும் இடையே மல்லுக்கட்டாகிவிடும். தகவல் கேளுங்கள். "பழைய பதிவுகளில் எத்தனை சரிபார்த்தாகிவிட்டது?" என்பது சின்ன கேள்வி, பதில் சொல்ல வேண்டியவர் யார் என்று எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். உங்களுக்கு மட்டும் தெரிந்த விஷயம் ஒன்று இருந்தால் ஒரு தடவை சொல்லி விட்டுவிடாதீர்கள், மறுபடி சொல்லுங்கள், யாரும் தலையாட்டாவிட்டாலும். கேள்வியின் முகம் திரும்புகிற நிமிஷம் வந்தால் அதை மட்டும் சொல்லுங்கள்: "செய்யக்கூடாது என்று நாங்கள் நிரூபிக்க வேண்டுமா, செய்யலாம் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டுமா?" இதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். இருக்கிறவர்கள் கேளுங்கள். எல்லாச் சின்ன முடிவுக்கும் இதைச் செய்யாதீர்கள். இல்லாவிட்டால் உங்களுக்கும் ஒரு பட்டப்பெயர் வந்துவிடும்.

தயோகாலின் ஆலன் மெக்டொனால்டு அன்றிரவு ஏவுதளத்தில் இருந்தார். நிறுவனத்தின் சார்பில் ஒப்புதல் தாளில் அவர் கையெழுத்துப் போட வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். போட மாட்டேன் என்றுவிட்டார். யூட்டாவில் இருந்த இன்னொரு அதிகாரி கையெழுத்துப் போட்டு அனுப்பினார். விண்ணோடம் கிளம்புவதை மெக்டொனால்டால் தடுக்க முடியவில்லை. ஆனால் விசாரணையில் நடந்ததை வெளியே கொண்டுவந்தவர் அவர். அதற்காக நிறுவனம் அவரைக் கீழிறக்கியது. அமெரிக்க நாடாளுமன்றம் தலையிட்ட பிறகு, அந்த இணைப்பைப் புதிதாக வடிவமைக்கும் வேலைக்கு அவரையே பொறுப்பாக்கினார்கள்.

என் கதையையும் முடித்துவிடுகிறேன். அந்த மூன்று வாரத்துக்குப் பிறகு நான் 'ஒருமனதாக' என்று எழுதுவதை விட்டுவிட்டேன். "ஆட்சேபம் உண்டா என்று கேட்கப்பட்டது. எட்டுப் பேரில் இருவர் பதில் சொன்னார்கள்" என்று நடந்ததை நடந்தபடி எழுத ஆரம்பித்தேன். மூன்றாவது கூட்டத்தில் தலைவர் பழைய குறிப்பைப் புரட்டிப் பார்த்தார், அந்த வரியில் நின்றார், பேனா மூடியைக் கழற்றி வைத்துவிட்டு மீதி ஆறு பேரையும் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கேட்டார். அன்றைக்குக் கூட்டம் ஒன்றரை மணி நேரம் நீண்டது. இரண்டு மாதம் கழித்துக் குறிப்பு எழுதும் பொறுப்பை வேறொருவருக்கு மாற்றிவிட்டார்கள்.